வர்றேன் என்று சொல்லாமல் போனவள்

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் உன் மனைவியும் நலமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் மெஷினை மோட்டாருக்கு மாற்று என்று உன் அண்ணன் இருந்தபோதே சொன்னார். எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

முதலில் ஒரு திருத்தம். உன் மகளையும் குழந்தையையும் நான் என் வீட்டிலிருந்து விரட்டிவிட்டதாக நம் சொந்தத்தில் பேச்சு நடக்கிறதாம். உன் மனைவியின் தங்கை ஆரம்பித்து வைத்தது, நாலு வீடு சுற்றி என் காதுக்கே வந்துவிட்டது. அது தவறு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ இதை யாருக்கு வேண்டுமானாலும் படித்துக் காட்டலாம்.

உன் பேத்தி மிளகுக்கு ரத்தத்தில் நோய் என்று தெரிந்து, இந்த ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில்தான் மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டும் என்றானபோது, "லாட்ஜும் வேண்டாம், விடுதியும் வேண்டாம், என் வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில்தானே இருக்கிறது" என்று சொன்னவள் நான். வெயில் படாத அறையைக் கொடுத்தேன். ஐந்து வயதுக் குழந்தைக்குக் குழாய் எட்டும்படி கைகழுவும் தொட்டிக்கு முன்னால் ஒரு முக்காலி வாங்கிப் போட்டேன். கொதித்து ஆறிய தண்ணீர், அப்போதைக்கப்போது சமைத்த சாப்பாடு, இஸ்திரி போட்ட துணி. ஒரு நாள்கூட உன் மகள் அடுப்படிக்குள் கால் வைக்க நேர்ந்ததில்லை. குழந்தைக்குக் கிருமி தொற்றக் கூடாது என்பதற்காகச் சில விதிகள் இருந்தன. அவை டாக்டர் வைத்த விதிகள். நான் அவற்றைக் கொஞ்சம் சரியாகப் பின்பற்றினேன், அவ்வளவுதான்.

முதல் கட்ட ஊசிகள் முடிந்தன. உடம்பு தேறும்வரை ஊரில் இருந்துவிட்டு இரண்டாம் கட்டத்துக்கு வாருங்கள் என்றார் டாக்டர். உன் மருமகன் லாரி வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு ஒரு கார் பிடித்து வந்தார். பைகளை ஏற்றினோம். வாசலில் நின்று உன் மகள் "போறோம், பெரியம்மா" என்றாள்.

"போயிட்டு வர்றோம்னு சொல்லு" என்று திருத்தினேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறிவிட்டாள். மிளகு ஜன்னல் வழியாகக் கையை ஆட்டி, "போறோம்! போறோம்! வரவே மாட்டோம்!" என்று கத்தினாள். தெருவே திரும்பிப் பார்த்தது. உன் மகள் அவள் வாயைப் பொத்தவில்லை. சிரித்தாள்.

நம் குடும்பத்தில் யாரும் ஒரு வீட்டிலிருந்து அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்பியதில்லை. உறவை முறித்துக்கொண்டவர்கள்தான் "போறேன்" என்பார்கள். ஆகவே விரட்டியவள் நானல்ல. போனவள் அவள்.

இரண்டாம் கட்டத்துக்கு அவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்று தெரிவி. தகவலுக்காக மட்டும் கேட்கிறேன். அந்த அறையைப் பூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். போனில் கூப்பிடாதே. நீ "ம்" என்பது "சரி"யா "பார்க்கலாம்" என்பதா என்று போனில் எனக்கு விளங்குவதில்லை.

அண்ணி


பிப்ரவரி 15

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

கொழுந்தனின் வணக்கம். முழங்கால் மெஷினைவிட அதிகமாகச் சத்தம் போடுகிறது, ஆனால் ஓடுகிறது. உங்களுக்குக் கண்ணில் அழுத்தம் என்றார்களே, சொட்டு மருந்தை ஒழுங்காக விடுகிறீர்களா? விடுவீர்கள். உங்களிடம் போய்க் கேட்கிறேன் பாருங்கள்.

கடிதத்தை என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். உடனே தங்கையைக் கூப்பிட்டு விளாசிவிட்டாள். "அவ வாய்க்கு ஒரு ஜிப்பு வச்சுத் தச்சு விட்டுடுங்க" என்று எனக்கு ஆர்டரும் கொடுத்தாள். ஆகவே அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள், எங்கள் மேல் கோபித்துக்கொல்லாதீர்கள்.

மிளகு நன்றாக இருக்கிறாள். தலை மொட்டையாகிவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடம், "தாத்தா என் முடிய வெட்டி பொம்மைக்குத் தச்சுட்டாரு" என்று சொல்லி என் மானத்தை வாங்குகிறாள். உங்கள் வீட்டு முக்காலி மாதிரி ஒன்று வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஒரு நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருக்கிறேன்.

அறையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மகளிடம் கேட்டேன். "ஆஸ்பத்திரி விடுதியில பேர் குடுத்திருக்கேன்ப்பா" என்றாள். வெளியூரிலிருந்து குழந்தைகளைக் கொண்டு வருகிற குடும்பங்களுக்கென்றே அந்த வளாகத்துக்குள் ஒரு விடுதி இருக்கிறதாமே. ஏன் என்று கேட்டேன்.

"பெரியம்மா ஏதாவது சொன்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலப்பா. அவங்க ரொம்ப நல்லவங்க."

அண்ணி, இத்தனை வருஷமாகத் துணி தைக்கிறேன். "சட்டை ரொம்ப நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அதைப் போட்டுப் பார்க்காமலே மடிக்கிறவரிடம் நான் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்


பிப்ரவரி 22

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. எல்லாரும் சுகம் என்று தெரிந்து மகிழ்ச்சி. என் கண் பரவாயில்லை.

"கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்பதற்கு ளகரம். நீ எழுதியது கொலை.

உன் மகள் எடுத்த முடிவு சரியானதே. விடுதி ஆஸ்பத்திரிக்கு இன்னும் பக்கம். எனக்கும் வசதிதான். அவர்கள் இருந்த நாட்களில் நின்றுபோன படிப்பை மறுபடி தொடங்கிவிட்டேன். வீடு அமைதியாக இருக்கிறது. ஒரு பக்கத்தை இரண்டு முறை படிக்க நேரம் இருக்கிறது, படிக்கவும் படிக்கிறேன். அறையைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துவிட்டேன்.

நூல்கண்டுப் பெட்டியைக் கவிழ்த்துக் குழந்தையை ஏற்றுவது ஆபத்து. முக்காலிக்கு அடியில் ரப்பர் இருக்க வேண்டும். இங்கே இருப்பதில் இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை. பார்சலில் அனுப்பினால் கால் உடைந்துவிடும் என்பதால் அனுப்பவில்லை.

மிளகின் வாய்ப்புண் ஆறிவிட்டதா? சூப்பை வடிகட்டிக் கொடுத்தால் எரியாது. உப்பு பாதி. உன் மனைவிக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்.

அண்ணி


மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? உன் பதில் வரவில்லை. தபால் தாமதம் என்று நினைத்துக்கொண்டு மறுபடி எழுதுகிறேன்.

உன் மகள் தங்கப்போகும் விடுதியை நேரில் போய்ப் பார்த்தேன். பெரியவர்கள் யாராவது பார்க்க வேண்டும். உனக்கோ முழங்கால்.

வாசலில் இடுப்பில் சாவிக்கொத்தோடு ஒரு பெண்மணி நின்றார். எல்லாரும் சாவி அக்கா என்கிறார்கள்.

"யாரப் பாக்கணும்?"

"யாரையும் இல்ல. இடத்தப் பாக்கணும்."

"இன்ஸ்பெக்‌ஷனா?"

"ஆமாம்" என்றேன். அது பொய்யும் இல்லை.

"போன மாசந்தானே ஆபீஸ்லேர்ந்து வந்து பாத்துட்டுப் போனாங்க."

"அவங்க சரியாப் பாத்திருக்க மாட்டாங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாங்க, வாங்க. ஒரு கை கொறஞ்சுதான் கெடக்கு" என்று உள்ளே விட்டார்.

குறைகளை எழுதுகிறேன். அறைகள் சிறியவை. திரைச்சீலைகள் ஓரம் மடிக்காமல் தொங்குகின்றன, நூல் பிரிகிறது. நீண்ட மேடையில் வரிசையாகப் பொது அடுப்புகள். எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் சமைக்கிறார்கள், ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். ஒருத்தி தன் மகனுக்கு முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே அழுதுகொண்டிருந்தாள். கண்ணைத் துடைக்கவும் இல்லை, முட்டையைக் கருக விடவும் இல்லை. பக்கத்து அடுப்புக்காரி என்ன ஏது என்று கேட்காமல் அவளிடம் உப்பு ஜாடியைத் தள்ளினாள். அழுவதற்கு அடுப்படி ஏற்ற இடமல்ல என்று நினைத்தேன். சாவி அக்காவிடம் சொல்லவும் வாயெடுத்தேன். பிறகு சொல்லவில்லை.

சுத்தம் பரவாயில்லை. தண்ணீர் கொதிக்கவைக்கிறார்கள். குழந்தைக்கு ஆபத்தில்லை.

திரைச்சீலைகளைப் பார்த்துக்கொண்டு சும்மா வர முடியவில்லை. ஓரம் அடித்துக் கொடுக்க ஒத்துக்கொண்டுவிட்டேன். உன் தொழில் என்பதால் கேட்கிறேன்: கனமான துணிக்கு மடிப்பில் எவ்வளவு விட வேண்டும்? இதற்காவது பதில் எழுது.

அண்ணி


மார்ச் 19

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் சுகம்தானே.

எழுதாததற்கு மன்னிக்கவும். மிளகுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. இங்குள்ள ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் அணுக்கள் குறைந்துவிட்டன என்றார்கள். கடையைத் திறக்கவில்லை. அந்த நாட்களில் உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்று காலையில் என்னிடம் பொத்தான் எண்ணிக் கொடுத்தாள், பாதியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். அப்படியானால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் கட்டம் ஏப்ரல் 24 அன்று தொடங்க வேண்டும் என்று பெரிய டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். அதைத் தள்ளக் கூடாதாம். இடைவெளி நீண்டால் முதல் கட்டத்தில் அவள் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடலாம் என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இந்த முறை நாலு மாதமாவது அங்கேயே இருக்க வேண்டியிருக்கும்.

உங்கள் கடிதத்தில் முட்டைக்காரி அழுத பகுதியை மகள் இரண்டு தடவை படித்தாள்.

மடிப்புக்கு இரண்டு விரல் அகலம் விடுங்கள். ரெட்டை மடிப்பாக அடியுங்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு விஷயம் என்னிடம் இருந்தது என்று என் வீட்டுக்காரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். ளகரம் சரியா?

உங்கள் கொழுந்தன்


மார்ச் 27

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் நின்றது பெரிய ஆறுதல். இனி அப்படி ஏதாவது என்றால் இரண்டு வரி போடு. என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டாம். "காய்ச்சல்" என்று எழுதினால் போதும், எனக்குப் படிக்கத் தெரியும்.

நான் நலம். இன்று உனக்கு ஒரு முக்கியமான செய்தி. உன் மகளிடம் உடனே படித்துக் காட்டு.

நேற்று விடுதியில் திரைச்சீலை மாட்டிக்கொண்டிருந்தேன். நாற்காலி மேல் நிற்கிறேன், வாயில் குண்டூசி. ஒரு குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. அப்பா, அம்மா, முகத்தில் மாஸ்க் கட்டிய ஒரு சின்னப் பெண். அந்த அப்பா அடுப்படி வாசலில் நின்று, "அப்ப நாங்க போறோம்" என்றார்.

குண்டூசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "போயிட்டு வர்றோம்னு சொல்லுங்க" என்றேன்.

தம்பி, எல்லாரும் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

"ஐயோ, வாயக் கழுவுங்கம்மா!" என்றாள் ஒருத்தி.

"பாத்தா படிச்சவங்களா இருக்கீங்க. திரும்ப இங்க வரச் சொல்றீங்களே, நல்லா இருக்கா?" என்றாள் இன்னொருத்தி.

சாவி அக்கா வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "இன்ஸ்பெக்டரம்மாவுக்குத் தெரியாது, விடுங்கடி. அம்மா, ஊருல எந்த வாசலுக்கும் வர்றேன்னு சொல்லிக்கலாம். புள்ளைக்கு இங்க வைத்தியம் பாத்தவங்க யாரும் அப்படிச் சொல்லிட்டுக் கெளம்பறதில்ல. டாக்டரே சொல்ல விட மாட்டாரு."

"அடுத்த மாசம் ஊசிக்குத் திரும்பி வரணும்னு இருந்தா?"

"வரணும்னு தெரிஞ்சாலும் சொல்ல மாட்டோம். அதுவும் புள்ளைய வச்சுக்கிட்டுச் சொல்லவே மாட்டோம்."

உடனே எல்லாரும் சேர்ந்து, "போங்க! போங்க! இந்தப் பக்கமே வந்துடாதீங்க!" என்று கத்தி வழியனுப்பினார்கள். அந்தப் பெண், "வரவே மாட்டோம்!" என்று துள்ளினாள். மிளகு சொன்ன அதே சொல். எழுத்து மாறவில்லை. அவளுடைய அப்பா சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்தார்.

நான் நாற்காலியிலிருந்து இறங்கி உட்கார்ந்துவிட்டேன். உன் மகள் என்னிடம் உறவை முறித்துக்கொண்டு போகவில்லை. குழந்தைக்கு நல்ல சொல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதைப் போய் நான் இலக்கணப் பிழை மாதிரித் திருத்தியிருக்கிறேன்.

இதற்குமேல் அவள் விடுதிக்குப் போகக் காரணம் ஏதும் இல்லை. அறை சுத்தமாக இருக்கிறது. தினமும் துடைக்கிறேன். புது விரிப்பு வாங்கியிருக்கிறேன். எந்த ரயிலில் வருகிறார்கள் என்று மட்டும் எழுது.

அண்ணி


ஏப்ரல் 3

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். கண் எப்படி இருக்கிறது? நாற்காலி மேலெல்லாம் ஏறாதீர்கள். கீழே விழுந்தால் உங்களைத் தூக்கிவிடவும் அஞ்சுவார்கள்.

கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். "வாயக் கழுவுங்கம்மா" என்ற இடத்தில் என் வீட்டுக்காரி சிரித்ததில் இஸ்திரிப் பெட்டியைத் துணிமேலேயே வைத்துவிட்டாள். ஒரு வாடிக்கையாளரின் பேன்ட் போயிற்று. மகளும் சிரித்தாள். "பெரியம்மா அத மனசுல வச்சிருந்தாங்களா? எனக்குத் தெரியவே தெரியாதுப்பா. அப்பவே கேட்டிருக்கலாமே" என்றாள். பிறகு அவள் கண் கலங்கியது.

ஆனால் அண்ணி, சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ரயிலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. விடுதியிலிருந்து தகவல் வந்திருக்கிறது. மே நடுவில்தான் அறை காலியாகுமாம். 24-ஆம் தேதிக்கு இடமில்லை. அதுவரை வார்டு வராந்தாவில் படுத்துக்கொள்கிறேன் என்கிறாள். மருமகனோ டாக்டரிடம் தேதியைத் தள்ளிக் கேட்கலாம் என்கிறார். வீட்டில் இரண்டு நாளாக இதே வாக்குவாதம். "பெரியம்மா வீடு இருக்கும்போது உனக்கென்ன வீம்பு?" என்று நானும் கத்திவிட்டேன். அதற்கு அவள், "உங்களுக்குப் புரியாதுப்பா, அவங்களுக்கு நானே எழுதறேன்" என்று சொல்லிவிட்டாள்.

எழுதினால் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கொழுந்தன்


ஏப்ரல் 4

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? மிளகும் நானும் நலம். அவள் எடை கொஞ்சம் ஏறியிருக்கிறது.

"போறோம்" என்று சொன்னது உங்களைப் புண்படுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஊசி வார்டில் மற்ற அம்மாக்களிடம் கேட்டுக் கேட்டு வாயில் வந்துவிட்டது. அதற்கு மன்னித்துவிடுங்கள். ஆனால் நான் விடுதிக்குப் பெயர் கொடுத்தது அதனால் இல்லை. இதை அப்பா மூலமாகச் சொல்ல முடியாது.

உங்கள் வீட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை பெரியம்மா. அதுதான் கஷ்டம்.

ஆஸ்பத்திரியில் மருந்தைத் தீர்மானிப்பது டாக்டர். போடுவது நர்ஸ். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். சில சமயம் அதற்கும் "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்பார்கள். வீட்டுக்கு வந்தால் சூப் தயாராக இருக்கும். அவள் துணி மடித்து அலமாரியில் இருக்கும். அடுப்படிக்கு வந்தால், "நீ களைச்சுப் போய் வந்திருக்க, போய் உக்காரு" என்பீர்கள். உட்கார்ந்தால் அவளுடைய ரத்த அணுக்கள்தான் ஞாபகத்துக்கு வரும். அவளுக்கு அம்மாவாக நான் செய்ய ஒரு வேலையும் மிஞ்சவில்லை. விருந்தாளியாக இருந்தேன். ஒரு வாரம் விருந்தாளியாக இருக்கலாம். மாதக்கணக்கில் இருக்க முடியவில்லை.

ஒரு நாள் அவள் படுக்கையில் வாந்தி எடுத்துவிட்டாள். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். உங்களுக்குத் தெரியக் கூடாது என்று அவசரமாக விரிப்பைத் துவைத்து மொட்டைமாடியில் போட்டேன். சாயங்காலம் பார்த்தால் அதே விரிப்பு மறுபடி துவைத்து, இஸ்திரி போட்டு, நாலு மூலையும் செருகி, கட்டிலில் இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், சண்டையாவது வந்திருக்கும். அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். உங்கள் வீட்டில் வேறு எங்கே அழுவது என்று தெரியவில்லை.

விடுதியில் இடம் கிடைக்கும்வரை எப்படியாவது சமாளித்துக்கொள்கிறேன். நீங்கள் செய்ததை நான் மறக்கமாட்டேன்.

மகள்


ஏப்ரல் 7

அன்புள்ள மகளுக்கு,

நலம். மிளகின் எடை ஏறியதில் மகிழ்ச்சி.

உன் கடிதம் கிடைத்தது. எழுத்துப்பிழை ஏதும் இல்லை. பதில் பிறகு எழுதுகிறேன்.

பெரியம்மா


ஏப்ரல் 11

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மிளகும் சுகமாக இருக்க வேண்டும். உன் அப்பாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

முந்தைய கடிதத்தைச் சுருக்கமாக முடித்ததற்குக் காரணம், எனக்குக் கோபம் வந்திருந்தது. கோபத்தில் எழுதினால் கையெழுத்து கெடும். இரண்டு நாள் கழித்து உன் கடிதத்தை மறுபடி படித்தேன். நீ எழுதியதில் தவறு எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. தேடித்தான் பார்த்தேன்.

விரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். அதில் சோப்பு சரியாகப் போகவில்லை. குழந்தையின் தோலுக்கு அது ஆகாது. ஆகவே மறுபடி அலசியது சரி. ஆனால் உன்னைக் கூப்பிட்டு, "இன்னொரு தண்ணியில அலசு" என்று சொல்லியிருக்க வேண்டும். நீ கூச்சப்படுவாய் என்று பேசாமல் இருந்தேன். எனக்குத் தெரியக் கூடாது என்று நீ பேசாமல் இருந்தாய். இரண்டு பேரும் மரியாதையாக நடந்துகொண்டோம், நடுவில் நீ குளியலறையில் அழுதிருக்கிறாய்.

நேற்று விடுதிக்குப் போனேன். சாவி அக்காவிடம் உன் அறையைப் பற்றிக் கேட்டேன். எனக்காக வரிசையை மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை. உனக்கு முன்னால் இருப்பவர்களும் குழந்தைகளோடு வருகிறவர்கள்தானே. மே நடுவில்தான் என்றார். நீ படுத்துக்கொள்வேன் என்று சொன்ன வார்டு வராந்தாவையும் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. நீயே பார்த்திருப்பாய். தேதியைத் தள்ளும் பேச்சை உன் கணவர் விட்டுவிட வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்.

வீட்டுக்கு வந்து அடுப்படியைக் காலி செய்தேன். இரண்டு அடுப்பில் ஜன்னல் பக்கத்து அடுப்பு உன்னுடையது. மேல்தட்டு என் பாத்திரங்கள், கீழ்த்தட்டு காலி. துணி துவைப்பதும் அலசுவதும் மடிப்பதும் உன் பொறுப்பு. மிளகுக்கு நீ சமைப்பதில் மிச்சம் இருந்தால் எனக்கும் போடு. உப்பு கூடினால் கூடியது என்று சொல்வேன், ஆனால் சாப்பிடுவேன். நான் குறுக்கே பேசாமல் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது, இந்த வயதில் அது நடக்காது. "பெரியம்மா, கொஞ்சம் வெளியே போங்க" என்று சொல். போவேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போவேன், ஆனாலும் போவேன். அழுகை வந்தால் அடுப்புக்கு முன்னால் நின்று அழு. நான் என்ன ஏது என்று கேட்காமல் இருக்கப் பழகிக்கொள்கிறேன். கடினம்தான். மே மாதம் விடுதியில் இடம் கிடைத்ததும் நீ அங்கே போக விரும்பினால் பைகளைத் தூக்க நானும் வருகிறேன். அப்போது உன் சொல்லைத் திருத்த மாட்டேன்.

இந்தக் கடிதத்தின் கடைசி வரியை எழுதத்தான் நேரம் பிடித்தது. முதலில் "நீ இங்கே வரலாம்" என்று எழுதினேன். அது அனுமதி, என் வீட்டின் பெருமை அதில் தெரிந்தது. அடித்துவிட்டேன். பிறகு "வா" என்று எழுதினேன். அது கட்டளை. நீ கீழ்ப்படிந்துவிடுவாய், அதனால் அதையும் அடித்தேன். "எனக்குத் துணை வேண்டும் என்பதற்காகச் சொல்லவில்லை" என்று ஒரு வரி இருந்தது. பொய் எழுதக் கூடாது என்று நான் படித்த கான்வென்டில் எங்களை முட்டி போட வைத்துக் கற்பித்தார்கள். அதுவும் போயிற்று. மிஞ்சியது ஒரு கேள்விதான். கேள்வி கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. கேட்டால் இல்லை என்றும் பதில் வரலாம் என்பது எனக்குத் தெரியும்.

நீயும் மிளகும் என்னோடு இருக்க வருவீர்களா?

பதிலை எழுதி அனுப்பு.

பெரியம்மா